நகல் பெட்டிகளும் நம் நினைவும்: மலேசியத் தமிழ் வீடுகளுக்கு வந்த முதல் கணினிகள், விளையாட்டுக் கருவிகள்

1980களின் பிற்பகுதியிலோ 1990களின் முற்பகுதியிலோ கோலாலம்பூரில் பள்ளிப் பருவத்தைக் கழித்த ஒருவரிடம், வீட்டுத் தொலைக்காட்சியில் முதன்முதலாக விளையாடிய கருவி எது என்று கேட்டால், பெரும்பாலும் 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயரே விடையாக வரும். அது தைவானிலிருந்து வந்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அக்காள் தம்பிகளாகவும் மாமன் மகன்களாகவும் கூடி அமர்ந்து விளையாடிய பிள்ளைகளில் மிகப் பலர் ஃபேமிகாமை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கணினி விளையாட்டுகளின் வரலாறு என்ற பெயரில் எழுதப்படுபவை அமெரிக்காவையும் ஜப்பானையும் இங்கிலாந்தையும் சுற்றியே நகர்கின்றன. நகல் கருவிகள் அவற்றில் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் நம் அனுபவம் அடங்காது என்பதே என் கருத்து. நகல் கருவிக்கென்று தனிப் பொறியியல் இருந்தது, தனி வேகமும் தனி ஓசையும் இருந்தன. நாம் நினைவில் வைத்திருப்பது அந்த வேகத்தையும் அந்த ஓசையையும்தான்.

இதைப் பினாங்கிலிருந்து தொடங்குவதே முறை. துன் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் உருவாக்கப்பட்டது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லு பொருத்தும் ஆலையை 1972இல் அங்கேதான் திறந்தது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி போன்றவையும் அதே காலக்கட்டத்தில் பினாங்குக்கு வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கோலாலம்பூரில் தன் ஆலையை அமைத்தது. வெளிநாட்டில் செதுக்கப்பட்டு வந்த சிலிக்கான் தட்டுகளைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் முடியை விட மெல்லிய தங்கக் கம்பிகளை நுண்ணோக்கியின் வழியாகப் பார்த்துப் பார்த்து இணைத்து, கருப்புப் பிசின் உறைக்குள் அடைத்துச் சோதித்து அனுப்புவது இந்த ஆலைகளின் வேலை. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய், சீனப் பெண்களோடு, தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் தமிழ்ப்பெண்களும் நுண்ணோக்கிகளுக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள்.

பழைய கணினி ஒன்றைத் திறந்து சுற்றுப்பலகையைப் பார்ப்பவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் செய்யப்பட்ட பலகைகளில், எளிய தருக்கச் சில்லுகளின் முதுகில் 'மலேசியா' என்று அச்சிட்டிருப்பதைச் சாதாரணமாகக் காணலாம். அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டையும் அடுத்த இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கும். 8314 என்றிருந்தால் 1983ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் என்று பொருள். எந்த வாரத்தில் பொருத்தப்பட்டது என்பது வரை அறிய முடிகிற அந்தச் சில்லு, அதைப் பொருத்திய பெண்ணின் வீட்டுக்குக் கணினியாகத் திரும்பி வர நெடுங்காலம் ஆயிற்று.

காரணம் விலைதான். 1977இல் அமெரிக்காவில் ஆப்பிள் 2 கணினி வெளிவந்தபோது, 4 கிலோபைட் நினைவகம் கொண்ட வடிவத்தின் விலை 1,298 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் அது 3,000 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்டை)த் தாண்டும். திரையும் சேமிப்புக் கருவியும் அதில் சேராது. 1982இல் வந்த கமடோர் 64 கணினியின் தொடக்க விலை 595 டாலர், அதாவது 1,300 வெள்ளிக்கு மேல். கப்பல் கூலியும் இடைத்தரகர் இலாபமும் சேர்ந்த பிறகு ஆலைத் தொழிலாளியோ தோட்டத் தொழிலாளியோ அந்தப் பணத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆகவே கணினி முதலில் நுழைந்த தமிழ் வீடுகள் ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், அரசு அலுவலர் வீடுகளாகவே இருந்தன. மற்றவர்களுக்கு அது தெரிந்தவர் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பொருள்.

இந்த இடைவெளியில்தான் நகல் முதன்முதலாக நுழைந்தது. ஆப்பிள் 2 கணினியை ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த விதமே நகலெடுப்பதற்கு வழிவிட்டது. எம்ஓஎஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் 6502 செயலியைத் தவிர, அதில் இருந்தவை பெரும்பாலும் எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும் பொதுவான தருக்கச் சில்லுகள். அந்த நிறுவனத்துக்கென்று தனியாகச் செய்யப்பட்ட சில்லு ஏதும் முதல் வடிவத்தில் இல்லை. போதாக்குறைக்கு, கணினியோடு வெளிவந்த வழிகாட்டி நூலில் முழு மின்சுற்று வரைபடமும், நிரந்தர நினைவகத்தில் இருந்த நிரலின் பட்டியலும் அச்சிடப்பட்டிருந்தன. வாங்கியவர் தானே பழுது பார்க்கவும் விரிவாக்கவும் முடிய வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. ஹாங்காங்கிலும் தைவானிலும் இருந்த சிறு தொழிற்கூடங்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பலகையை அச்சிட்டு, சில்லுகளை வாங்கிப் பொருத்தி, நிரலைப் படியெடுத்து, மூலத்தின் விலையில் ஒரு பகுதிக்கே விற்றார்கள். நிரந்தர நினைவகத்தில் பதிந்த நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பிள் நகல்களைச் செய்த ஃபிராங்க்ளின் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1983இல் தீர்ப்பளித்தது. அதற்குள் ஆசியச் சந்தையில் நகல்கள் வேரூன்றிவிட்டன. பிற்காலத்தில் கோலாலம்பூரின் இம்பி பிளாசாவில் அடுக்கப்பட்டிருந்த ஐபிஎம் நகல் கணினிகளுக்கும் இதே கதைதான்: திறந்த வடிவமைப்பு, கடையில் கிடைக்கும் சில்லுகள், சட்டப்படி மாற்றி எழுதப்பட்ட ஓர் அடிப்படை நிரல்.

இங்கிலாந்திலிருந்து வந்த கணினிகளின் பாதை வேறு. அங்கே படிக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது பெட்டியில் கொண்டு வரக்கூடிய அளவில் இருந்தது சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். 1982இல் அதன் 48 கிலோபைட் வடிவம் 175 பவுண்டுக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 700 வெள்ளி. ரப்பர் விசைகள் கொண்ட அந்தச் சிறு பெட்டியில் வட்டு கிடையாது. வீட்டிலிருந்த ஒலிநாடாக் கருவியோடு அதை இணைத்து, நாடாவில் பதிந்த ஒலியை நிரலாக ஏற்ற வேண்டும். பாட்டு கேட்பதற்காக வாங்கிய அதே கருவிதான். முதலில் நீண்ட ஒற்றைச் சுருதி ஒலிக்கும். கணினி அதைக் கொண்டு நாடாவின் ஓட்டத்தை அறிந்துகொள்ளும். பிறகு சடசடவென்ற இரைச்சல் வரும். நிரல் முழுவதும் சுழி, ஒன்று என்ற இரண்டே இலக்கங்களால் ஆனது: சுழிக்கு ஓர் இணைக் குறுந்துடிப்பும், ஒன்றுக்கு அதன் இரு மடங்கு நீளமான இணைத் துடிப்பும். நொடிக்குச் சராசரியாக 1,500 இலக்கங்கள் வீதம் உள்ளே போனால், நினைவகத்தை நிரப்ப நான்கைந்து நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் திரையின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி நொடியில் ஓர் இலக்கம் தவறினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாடாக் கருவியின் தலைப்பகுதி சற்றே சாய்ந்திருந்தால் கூர்மையான ஒலிகள் மழுங்கிவிடும் என்பதால், சிறிய திருப்புளியால் அதன் ஓர் ஆணியைத் திருகிச் சரிசெய்யும் கலையைப் பத்து வயதுப் பிள்ளைகளும் கற்றிருந்தார்கள். அந்த இரைச்சலின் வேறுபாட்டைக் காதால் கேட்டே, நாடா ஏறுமா ஏறாதா என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். இயந்திரத்தின் உள்வேலையை இவ்வளவு நேரடியாகப் புலன்களால் உணர வாய்ப்பளித்த கணினி பிறகு வரவில்லை என்றே சொல்வேன்.

தமிழ் வாசகருக்கு இயல்பாக எழும் ஒரு கேள்விக்கு இங்கே விடை சொல்லியாக வேண்டும். இந்தக் கணினிகளில் தமிழ் எழுத முடிந்ததா? அவற்றின் திரை அமைப்பு ஆங்கில எழுத்துகளை அளவாக வைத்தே திட்டமிடப்பட்டது. ஸ்பெக்ட்ரம் திரை 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். அது எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பயனர் தாமே வரைந்துகொள்ளக்கூடிய எழுத்துகள் 21 மட்டுமே. ஆப்பிள் 2 தொடக்கத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளைக்கூடக் காட்டவில்லை. எட்டுப் புள்ளி அகலத்துக்குள் 'ன'வையும் 'ண'வையும் கண் உடனே பிரித்தறியும்படி வரைவது எவ்வளவு கடினம் என்பதைக் கட்டம் போட்ட தாளில் முயன்று பார்த்தால் தெரியும். சுழிகளுக்கு இடையில் விட வேண்டிய வெற்றுப் புள்ளிகளுக்கே அகலம் போதாது. 'ணூ', 'ஞு' போன்றவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்கள் வேண்டும். உயிர்மெய் எழுத்துகளின் எண்ணிக்கையோ ஒதுக்கப்பட்ட இடத்தைப் போல் பல மடங்கு. எனவே ஆர்வலர்கள் பள்ளிக் கணினிகளில் ஓரிரு தமிழ்ச் சொற்களைப் படமாகத் தீட்டியதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஐபிஎம் வகைக் கணினிகளில் வரைகலை அட்டைகள் நுண்மையான திரைகளைத் தந்த பிறகுதான் வழி பிறந்தது. கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 அளவில் 'முரசு' மென்பொருளைத் தொடங்கியது அந்தத் திருப்பத்தில்தான். விளையாட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை அந்தத் திருப்பம் நிகழவே இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் ஜப்பானிய எழுத்துகளில் இருந்த கட்டளைகளைப் படிக்கத் தெரியாமலே, எந்த வரியைத் தேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை வரியின் இடத்தை வைத்து மனப்பாடம் செய்து விளையாடினார்கள்.

இனி ஃபேமிகாம். 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஜப்பானில் வெளிவந்தது. அன்றைய கணக்கில் 145 வெள்ளி அளவு. கமடோர் 64 கணினியின் விலையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதன் செயலியை ரிக்கோ நிறுவனம் செய்தது. ஆப்பிள் 2 கணினியில் இருந்த அதே 6502 வடிவத்தை எடுத்துக்கொண்டு, பதின்ம எண்கணிதப் பகுதியை மட்டும் நீக்கி, ஒலியெழுப்பும் சுற்றை அதே சில்லில் சேர்த்திருந்தார்கள். படம் வரைவதற்குத் தனிச் சில்லு. செயலிக்கான நினைவகம் 2 கிலோபைட்தான். அந்தச் சிறிய இடத்தில் அவ்வளவு விளையாட்டுகள் இயங்கியது எப்படி என்றால், நிரலும் படங்களும் கருவியில் செருகும் கேசட்டிலேயே (ஒலிநாடா அன்று, சில்லுகள் கொண்ட சிறு பெட்டி) இருந்தன. கருவியின் நினைவகம் அந்த நொடியில் நடப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் வரைய முடியாது என்பது படச் சில்லின் வரம்பு. ஒன்பதாவது எதிரி அதே வரிசையில் வந்தால் யாராவது ஒருவர் மறைய வேண்டும். நிரல் எழுதியவர்கள் ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது திரை ஒருமுறை முழுதாக வரையப்படும் ஒவ்வொரு தடவையும், வரிசையை மாற்றி மாற்றி வைத்து, மறைவதை எல்லாருக்கும் பகிர்ந்தளித்தார்கள். பரபரப்பான கட்டங்களில் உருவங்கள் மினுக்கி மினுக்கித் தெரிந்தது அதனால்தான்.

ஆசிய நகல்களுக்கு அடித்தளமானது ஒரு வேறுபாடு. அமெரிக்காவில் 1985இல் விற்பனைக்கு வந்த நின்டெண்டோ கருவியில் பூட்டுச் சில்லு ஒன்று இருந்தது; கேசட்டில் அதன் இணை இல்லையென்றால் கருவி இயங்காது. கேசட்டின் தொடுமுனைகள் 72. ஜப்பானிய ஃபேமிகாமில் பூட்டும் இல்லை, தொடுமுனைகளும் 60தான். யார் வேண்டுமானாலும் கேசட் செய்யலாம், யார் வேண்டுமானாலும் கருவியும் செய்யலாம் என்ற நிலை ஜப்பானிய வடிவத்தில் இருந்ததால், தைவானியத் தொழில் அதையே பின்பற்றியது. அங்கிருந்த யூஎம்சி நிறுவனம் செயலிக்கும் படச் சில்லுக்கும் மாற்றுகளைச் செய்து விற்றது. டிஎக்ஸ்சி நிறுவனம் மைக்ரோ ஜீனியஸ் என்ற பெயரில் கருவிகளைத் தயாரித்துத் தென்கிழக்காசியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் அனுப்பியது. கோலாலம்பூரில் அவை பேரங்காடிகளிலும் மின்பொருள் கடைகளிலும் வெளிப்படையாக விற்கப்பட்டன. பிறகு பெயரே இல்லாத நகல்கள் இரவுச் சந்தைகளுக்கும் இறங்கின.

இங்கே கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி தொலைக்காட்சி முறையைப் பின்பற்றின; நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும். மலேசியா 1978இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது தேர்ந்தது பிஏஎல் முறை. நொடிக்கு 50 முறை. ஃபேமிகாம் விளையாட்டுகளில் கால ஓட்டமே படத்தின் புதுப்பிப்பைச் சார்ந்தது. ஒரு சட்டகத்துக்கு ஒருமுறை கதாநாயகன் இத்தனை புள்ளி நகர வேண்டும், இசை ஓர் அடி முன்னேற வேண்டும் என்றே நிரல்கள் எழுதப்பட்டன. ஜப்பானியப் பிள்ளைகளுக்காக எழுதிய அந்த நிரலை 50 சட்டகத் தொலைக்காட்சியில் ஓட்டினால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். அறுபது நொடிப் பாடல் எழுபத்திரண்டு நொடி நீளும்.

நின்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பிஏஎல் கருவியில் செயலியின் வேகத்தையும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66 ஆகக் குறைத்தது. அங்கே விற்ற விளையாட்டுகளில் பல அதற்கேற்பத் திருத்தப்பட்டன. ஆனால் நம் பகுதிக்கு வந்த கேசட்டுகள் ஜப்பானிய விளையாட்டுகளின் படிகள். அவற்றைத் திருத்த யாரும் இல்லை. திரையின் ஒரு பாதி அசையாமல் நிற்க மறுபாதி மட்டும் நகர்வது போன்ற வித்தைகளைச் செய்ய, ஒரு கிடைக்கோடு வரையப்படும் நேரத்தில் செயலி எத்தனை அடி வேலை செய்யும் என்பதை எண்ணி எழுதியிருப்பார்கள். ஐரோப்பியக் கருவியில் அந்தக் கணக்கு பிசகும், படம் கிழியும். பிஏஎல் நாடுகளுக்கான யூஎம்சி சில்லுகள் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தன. செயலி 1.77 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஜப்பானிய வேகத்துக்கு மிக அருகில் ஓடியது. ஒரு கோட்டுக்கு ஆகும் செயலி அடிகளின் எண்ணிக்கை ஜப்பானில் இருந்தபடியே இருந்தது. பிஏஎல் படத்துக்குக் கூடுதலாகத் தேவைப்பட்ட ஐம்பது கோடுகளையும் படம் முடிந்த உடனே வெறுமையாக ஓடவிட்டு, அதன் பிறகுதான் 'அடுத்த சட்டகத்துக்குத் தயாராகலாம்' என்ற குறிப்பைச் செயலிக்குத் தந்தார்கள். கேசட்டில் இருந்த நிரலுக்குத் தான் வேறொரு நாட்டுத் தொலைக்காட்சியில் ஓடுவதே தெரியாது. ஒரு திருட்டுப் படி என்ற சொல்லுக்குள் இந்த வேலையை அடக்கிவிடுவது நியாயமில்லை. பலநாட்டுத் தொலைக்காட்சி முறைகளைப் புரிந்துகொண்ட பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தது இது.

இதன் விளைவு நம் காதுகளில் தங்கியது. செயலி வேகம் கிட்டத்தட்ட மாறாததால் இசையின் சுருதி மாறவில்லை. ஆனால் சட்டகங்கள் குறைந்ததால் தாளம் மட்டும் தளர்ந்தது. சுருதி குறையாமல் நடை மட்டும் விளம்பத்தில் அமைந்த பாட்டு. அத்தோடு, பல நகல் செயலிகளில் இசையை எழுப்பும் சதுர அலையின் இரண்டு வகைகள் இடம் மாறியிருந்தன. அலை தன் சுற்றில் கால் பங்கு மேலே நிற்க வேண்டிய இடத்தில் அரைப் பங்கு நின்றது, அரைப் பங்குக்குரிய இடத்தில் கால் பங்கு. மெல்லிய கூர்மையான குரல் தடித்தும், தடித்த குரல் மெலிந்தும் ஒலிக்கும். இன்று இணையத்தில் அசல் பதிவைக் கேட்கும் மலேசியர் ஒருவர் 'இது ஏதோ வேகமாக ஓடுகிறது, குரலும் வேறாக இருக்கிறது' என்று சொன்னால், அவருடைய நினைவு தேய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அவர் கேட்டது உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

கேசட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே உறையில் 64 விளையாட்டுகள், 150 விளையாட்டுகள், ஏன் 99,99,999 விளையாட்டுகள் என்று பெயர்ச்சீட்டு ஒட்டிய கேசட்டுகள் எல்லா வீட்டிலும் இருந்தன. செயலியால் ஒரே நேரத்தில் 32 கிலோபைட் நிரலை மட்டுமே பார்க்க முடியும். பெரிய நினைவகச் சில்லு ஒன்றில் பல சிறு விளையாட்டுகளை அடுக்கி, பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தவுடன் அதற்குரிய பகுதியைச் செயலியின் பார்வைக்கு நகர்த்தும் எளிய சுற்றுதான் இந்தக் கேசட்டுகளின் உயிர். உண்மையில் உள்ளே இருந்தவை சில விளையாட்டுகளே. மற்றவை அதே விளையாட்டு இரண்டாம் கட்டத்தில் தொடங்குவது, அதே விளையாட்டில் உயிர்கள் கூடுதலாகக் கிடைப்பது என்ற வகை; தொடங்கும் முன் நினைவகத்தின் ஓரிரு இடங்களில் எண்ணை மாற்றி எழுதினால் போதும். பிள்ளைகள் ஏமாற்றப்பட்டார்கள் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. ஒரு கேசட் வாங்கவே மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய குடும்பங்களில், அசல் விளையாட்டு ஒன்றின் விலைக்குப் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள் கிடைத்தது பெரிய காரியம்.

சட்டத்தின் நிலையும் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளின் வகையில் சேர்த்துப் பாதுகாத்தது. வெளிநாட்டுப் படைப்புகளுக்கு விரிந்த பாதுகாப்பு தரும் பெர்ன் உடன்படிக்கையில் நாடு 1990இல் இணைந்தது. குறுவட்டுகளின் காலத்தில் படியெடுத்தல் பெருந்தொழிலாக வளர்ந்த பிறகு, வட்டு ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் ஒளிவட்டுச் சட்டம் 2000இல் வந்தது. மைக்ரோ ஜீனியஸ் காலம் இந்தச் சட்டங்கள் நடைமுறையில் இறுகுவதற்கு முந்தைய இடைவெளியில் அமைந்துவிட்டது. வாங்கியவர்களுக்கும் விற்றவர்களில் பலருக்கும் அசல், நகல் என்ற வேறுபாடே தெரிந்திருக்கவில்லை.

தொலைக்காட்சிப் பெட்டியையும் விட்டுவிடக் கூடாது. வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதில் தமிழ்ப்படம் ஓடும் நேரத்தில் விளையாட்டுக்கு இடமில்லை. கருவியிலிருந்து வரும் கம்பியை வானலை வாங்கியின் துளையில் செருகி, காலியான ஓர் அலைவரிசையைக் குமிழ் திருகிப் பிடிக்க வேண்டும். விளையாடினால் தொலைக்காட்சி கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சியதில் ஓரளவு உண்மை உண்டு. அசையாத பிரகாசமான படம் நெடுநேரம் நின்றால் படக்குழாயின் பாஸ்பர் பூச்சு அந்த இடத்தில் தேய்ந்து நிழலாகப் பதியும்; கேளிக்கை நிலையங்களின் பழைய திரைகளில் அதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டில் மாலைநேரத்து ஒரு மணி விளையாட்டுக்கு அது நேர்வது அரிது. உண்மையான ஆபத்து மின்சாரத்தில் இருந்தது. ஜப்பானிலிருந்து நேரடியாகக் கொண்டுவரப்பட்ட ஃபேமிகாமின் மின்மாற்றி 100 வோல்ட்டுக்கு உரியது. நம் சுவரிலோ அப்போது 240 வோல்ட். அதை அப்படியே செருகி எரித்த வீடுகள் பல. உள்ளூர் மின்மாற்றியோடு வந்த நகலை வாங்கியவர்களுக்கு அந்தத் துன்பம் இல்லை.

விளையாட்டுக் கருவியோடு இணைத்துத் திரையில் பறக்கும் வாத்தைச் சுடும் துப்பாக்கி அந்தப் படக்குழாயோடு சேர்ந்தே மறைந்துவிட்டது. துப்பாக்கி எதையும் வெளியே வீசுவதில்லை. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் கண் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு சட்டகம் கருப்பாகி, அடுத்த சட்டகத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். படக்குழாயில் மின்னணுக் கற்றை கோடு கோடாக வரைவதால், சதுரத்தின் ஒளி நொடிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறை துடிக்கும். மின்விளக்கின் ஒளியை விலக்கி அந்தத் துடிப்பை மட்டும் துப்பாக்கி தேடும். இன்றைய தட்டைத் திரையில் துடிப்பும் இல்லை, படமும் சற்றுத் தாமதித்தே வரும். பழைய கருவியைப் பழுதின்றி வைத்திருப்பவரும் பழைய தொலைக்காட்சி இல்லாமல் வாத்தைச் சுட முடியாது.

இவற்றைக் காப்பதில் நமக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. காலப்போக்கில் மின்தேக்கிகள் கசிந்து பலகையின் செப்புக் கோடுகளை அரிக்கின்றன; நம் நாட்டு ஈரப்பதத்தில் தொடுமுனைகளில் பச்சை படிகிறது. கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதும் வழக்கம் எல்லாருக்கும் நினைவிருக்கும். மறுபடி செருகியதால்தான் அது ஓடியது. ஊதிய மூச்சின் ஈரம் காலப்போக்கில் கேடே செய்தது. தொடுமுனைகளைத் தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைப்பதே சரி. அதைவிடக் கடினமானது இன்னொன்று. 1990களின் நகல்களில் செலவைக் குறைக்கச் சில்லை உறையில் அடைக்காமல் நேராகப் பலகையில் வைத்து, அதன் மேல் கருப்புப் பிசினைச் சொட்டிவிட்டார்கள். முதல் தலைமுறைக் கருவிகளில் யூஎம்சி என்ற பெயரையும் எண்ணையும் வாரத்தையும் படிக்க முடிகிறது. பிசின் துளிக்குள் இருப்பது எது, யார் செய்தது என்று பார்த்து அறிய வழியில்லை. சேகரிப்பாளர் சந்தையில் நின்டெண்டோ பெயர் பொறித்தவற்றுக்கு விலை உண்டு என்பதால் அவை பாதுகாக்கப்படுகின்றன. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையிலும் பினாங்கு லோரோங் கூலிட்டிலும் எப்போதாவது தென்படும் நகல்கள் உடைசலாகவே கருதப்படுகின்றன. இந்த மனப்பான்மை எனக்கு வருத்தம் தருகிறது. நம் ஊரில் உண்மையில் புழங்கிய பொருளைக் குப்பையென்று ஒதுக்கிவிட்டு, நம் ஊருக்கு வராத பொருளை நம் பழமையென்று காட்சிக்கு வைக்கும் நிலை அதனால் வருகிறது.

கணினியில் பழைய கருவிகளைப் போலச் செய்யும் எமுலேட்டர்களில் இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. மேசன், எஃப்சிஇயூஎக்ஸ் ஆகிய இரண்டிலும் வட்டாரத் தேர்வில் என்டிஎஸ்சி, பிஏஎல் ஆகியவற்றோடு 'டெண்டி' என்ற மூன்றாவது தேர்வும் உண்டு. டெண்டி என்பது 1992இன் இறுதியில் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகலின் பெயர். அதைத் தயாரித்து அனுப்பியதும் மைக்ரோ ஜீனியஸைச் செய்த டிஎக்ஸ்சிதான். அந்தத் தேர்வு ரஷ்யக் கருவியின் பெயரிலேயே அமைந்துவிட்டது. கோலாலம்பூரில் விளையாடியவர்கள் தங்கள் நினைவில் உள்ள வேகத்தைக் கேட்க வேண்டுமானால் அந்தத் தேர்வைத்தான் இயக்க வேண்டும். வீட்டுப் பரணில் கருவி இன்னும் இருந்தால், அதை விற்பதற்கோ எறிவதற்கோ முன் பலகையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, சில்லுகளின் எண், வார எண், கேசட்டின் பெயர்ச்சீட்டு, வாங்கிய கடை, ஆண்டு, கொடுத்த வெள்ளி ஆகியவற்றை எழுதி வைக்கலாம். கடையின் பெயரும் விலையும் சுற்றுப்பலகையில் இருக்காது. வாங்கிக் கொடுத்த அப்பாவோ மாமாவோ சொன்னால்தான் உண்டு. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது.